பழைய 4கே டிவி மலிவாகக் கிடைத்தால் வாங்கலாமா?

2012, 2013-இல் வந்த முதல் 4கே டிவிகள் இப்போது செகண்ட் ஹேண்டில் வந்தால், பேனலைப் பார்த்து மயங்காதீர்கள், பின்பக்கம் பாருங்கள். சிக்கல் ஹெச்டிஎம்ஐ போர்ட்டில்தான். அன்றைய ஹெச்டிஎம்ஐ 1.4 பதிப்பு போர்ட் 4கே படத்தை நொடிக்கு 30 ஃபிரேம் வரைதான் வாங்கும். 60 ஃபிரேமுக்கு 2.0 வேண்டும், அது 2013 செப்டம்பரில்தான் வந்தது.

4கே படத்தை 60 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 60 ஃபிரேம்) தரும் லேப்டாப்பை இணைத்து, ரெசல்யூஷனை 3840 x 2160 வைத்துப் பாருங்கள். 30 ஹெர்ட்ஸ் மட்டும் காட்டி, மவுஸ் அம்பு விட்டுவிட்டு நகர்ந்தால் வேண்டவே வேண்டாம்.

டிவியில் ஹெச்டிசிபி 2.2 (படத்தை நகலெடுக்காமல் தடுக்கும் பாதுகாப்பு முறை) இல்லையென்றால் ஸ்ட்ரீமிங் பெட்டி 4கே படத்தைத் தராது, 1080பி-தான் வரும். பெரும்பாலும் சாஃப்ட்வேர் அப்டேட்டில் இது சரியாகாது. வெளிச்சத்தையும் இருளையும் நிறத்தையும் இன்னும் நன்றாகக் காட்டும் ஹெச்டிஆரும் இருக்காது. 55 அங்குல டிவியை ஏழெட்டு அடிக்கு அப்பாலிருந்து பார்ப்பவருக்கு நல்ல ஃபுல் ஹெச்டி டிவியே போதும்.