‘வரலாற்றில் இன்று’ எழுத வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் இரண்டு கல்லூரிப் பிள்ளைகள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்துக்கு ‘வரலாற்றில் இன்று’ எழுதித் தருவது பல வருஷமாக என் வேலை. அதில் கைகொடுக்க வந்தவர்கள். மாதிரிக்கு நவம்பர் 7-ஆம் தேதியை எடுத்துத் தொகுத்து வரச் சொல்லியிருந்தேன். 47 வரிகளோடு வந்தார்கள். உழைப்பில் குறையே இல்லை. ஆனால் படிக்கப் படிக்க, நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் எழுதிய நோட்டை யாரோ நகல் எடுத்து நீட்டிய மாதிரி இருந்தது. ரஷ்யப் புரட்சி அக்டோபர் 25-க்குப் போக வேண்டுமென்று ஓரத்தில் ஒரு குறிப்பு. மேரி கியூரி இருந்தார், கமல்ஹாசன் இருந்தார், சி.வி.ராமனைக் காணோம். கேட்டால், “அவர் பிப்ரவரி 28 அக்கா” என்றாள் அந்தப் பெண்.

எழுத்துப்பிழை, 1947-ஐ 1974 என்று அடிப்பது, இதையெல்லாம் சொல்லப்போவதில்லை. அவற்றைப் புரூஃப் பார்க்கிறவரே பிடித்துவிடுவார். புரூஃபில் பிடிபடாத தவறுகள்தான் ஆபத்து.

‘தினம்’ என்றால் பிறந்தநாள் என்று நினைப்பது

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினம். 1928-இல் அந்த நாளில் ராமன் விளைவு கண்டறியப்பட்டதற்காகக் கொண்டாடுகிறோம். ராமன் பிறந்தது 1888 நவம்பர் 7, திருச்சிராப்பள்ளியில். செப்டம்பர் 5 ஆசிரியர் தினமாக இருப்பது ராதாகிருஷ்ணன் பிறந்தநாள் என்பதால்தான். ஆக, ஒரு தினம் பிறப்பைக் குறிக்கும், இன்னொன்று கண்டுபிடிப்பைக் குறிக்கும், மற்றொன்று இறப்பைக் குறிக்கும். ஜூலை 1 மருத்துவர் தினத்தை எடுத்துக்கொண்டால் பி.சி.ராய் பிறந்ததும் அன்றுதான் (1882), இறந்ததும் அன்றுதான் (1962). அக்டோபர் 2 வந்தால் காந்தி, லால் பகதூர் சாஸ்திரி என்று பிறந்தநாள் வரிசை எழுதிக்கொண்டே வந்து அதே வேகத்தில் காமராஜரையும் சேர்த்துவிடுகிறார்கள். காமராஜர் பிறந்தது 1903 ஜூலை 15. 1975 அக்டோபர் 2 அவர் மறைந்த நாள்.

இரண்டு தேதி கிடைத்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வது

இதைத்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்னும் இதை நினைத்தால் எனக்கு எரிச்சல் வரும்.

அப்போது திருவல்லிக்கேணியில் குடியிருந்தேன். பாரதியார் கடைசியாக வாழ்ந்த துளசிங்கப் பெருமாள் கோயில் தெரு வீடு எங்கள் தெருவிலிருந்து ஐந்து நிமிஷ நடை. ஒரு ஜவுளிக்கடைக்காக 3,000 காலண்டருக்கு நான்தான் மேட்டர் கொடுத்தேன். சிவகாசியில் அச்சாகி டிசம்பர் மத்தியில் கட்டுக்கட்டாக வந்து இறங்கிவிட்டது. மூன்றாம் நாள் கடைக்காரருடைய அப்பா போன் செய்தார். ஓய்வு பெற்ற தமிழாசிரியர்.

“ஏம்மா, பாரதி மறைந்தது பதினொன்றா, பன்னிரண்டா? ரெண்டு தாளிலும் போட்டிருக்கியே!”

எடுத்துப் பார்த்தால் உண்மைதான். செப்டம்பர் 11-ஆம் தேதித் தாளை ஒரு புத்தகத்தை வைத்து எழுதியிருக்கிறேன். 12-ஆம் தேதித் தாளை வேறொன்றை வைத்து வேறொரு நாள் எழுதியிருக்கிறேன். இரண்டையும் சேர்த்து வைத்து ஒரு தடவை பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை.

திரும்ப அச்சடிக்க நேரமும் இல்லை, பணமும் இல்லை. ஸ்டிக்கர் அடித்து ஒட்டுவது என்று முடிவானது. தினசரி காலண்டரில் செப்டம்பர் 11 என்பது 254-ஆவது தாள். தகரப் பட்டை வைத்து மேலே இறுக்கியிருப்பார்கள். முதல் 253 தாளையும் மடங்காமல் தூக்கிப் பிடித்து, அடுத்த இரண்டு தாளின் பின்பக்கத்திலும் கோணாமல் ஒட்ட வேண்டும். அழுத்திப் பிடித்தால் ஜனவரித் தாள்கள் பட்டையிலிருந்து பிய்ந்துகொண்டு வரும். நான், அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலு பேர், எட்டு நாள். கூலி, ஸ்டிக்கர் செலவு எல்லாம் என் கையிலிருந்துதான் போனது. அந்தக் கடை மறு வருஷம் என்னைக் கூப்பிடவில்லை, அதில் நியாயம் இருக்கிறது.

பணத்தை விட என்னை வாட்டியது ஸ்டிக்கரில் என்ன அடிப்பது என்ற கேள்விதான். எந்தத் தேதி சரி? எழும்பூரில் கன்னிமாரா நூலகத்தில் போய் உட்கார்ந்து, கிடைத்த பாரதி வாழ்க்கை வரலாறுகளை எல்லாம் புரட்டினேன். அப்புறம்தான் புரிந்தது, இரண்டு தேதிக்கும் காரணம் இருக்கிறது. 1921 செப்டம்பர் 11-ஆம் தேதி இரவு, நள்ளிரவு தாண்டி, ஒரு மணிக்கு மேல் அவர் உயிர் பிரிந்தது. கடிகாரக் கணக்கில் 12 பிறந்துவிட்டது. நம் பஞ்சாங்கக் கணக்கில் விடிந்தால்தான் மறுநாள். சூரியன் உதிக்கும்வரை அது 11-ஆம் தேதி இரவேதான். வீட்டில் பாட்டியைக் கேட்டால் இன்றும் அப்படித்தான் சொல்வார். அரசு ‘மகாகவி நாள்’ என்று 2021-இல் அறிவித்ததும் செப்டம்பர் 11-ஐத்தான்.

அன்றிலிருந்து நான் எழுதும் வரி இது: “1921: திருவல்லிக்கேணியில் பாரதியார் மறைவு, செப்டம்பர் 11 நள்ளிரவுக்குப் பின்.” நாலு சொல் கூடுதல். படிக்கிறவருக்கு இரண்டு தேதியும் ஏன் புழங்குகிறது என்பது தெரிந்துவிடும்.

புதிதாக வருகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்றால், இரண்டு தேதி கண்ணில் பட்டவுடன் எந்தத் தேதியை நிறைய பேர் எழுதியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்து அதைப் போட்டுவிடுகிறார்கள். பத்து பேர் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருந்தால் அது ஒரு சாட்சிதான், பத்து சாட்சி ஆகாது. இரண்டு தேதி இருந்தால் அந்த வித்தியாசத்தைப் பாருங்கள். ஒரு நாள் வித்தியாசமா? நள்ளிரவோ நாட்டு நேரமோ காரணமாக இருக்கும். 10 முதல் 13 நாள் வித்தியாசமா? காலண்டர் மாறியிருக்கும். சரியாக ஒரு மாதமா? பழைய ஆவணத்தைப் படியெடுத்தவர் கை மாறியிருக்கலாம்.

நம் சென்னைக்கே அந்தச் சிக்கல் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மதராசப்பட்டினத்து நிலம் கிடைத்த நாள் என்று 1639 ஆகஸ்ட் 22-ஐ வைத்து 2004 முதல் சென்னை தினம் கொண்டாடுகிறோம். அந்த ஒப்பந்தத்தின் படிகளில் ஜூலை 22 என்றும் இருப்பதால், எது சரி என்ற விவாதம் ஓய்ந்தபாடில்லை. இதற்கு மேல் இன்னொன்றும் உண்டு. அன்றைக்கு ஆங்கிலேயர் கையில் இருந்தது பழைய ஜூலியன் காலண்டர். அது 17-ஆம் நூற்றாண்டில் இன்றைய காலண்டருக்கு 10 நாள் பின்தங்கி இருந்தது. அதாவது அவர்கள் எழுதிய ஆகஸ்ட் 22 நம் கணக்கில் செப்டம்பர் 1. விழாவை மாற்றச் சொல்லி நான் வாதாட வரவில்லை. எழுதுகிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

போப் கிரிகோரி 1582-இல் காலண்டரைத் திருத்தினார்; அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15 ஆனது. கத்தோலிக்க நாடுகள் சில உடனே ஏற்றன. பிரிட்டன் 1752 வரை ஏற்கவில்லை. அந்த வருஷம் அங்கே செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14. அதுவரை இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு பிறந்ததே மார்ச் 25-இல்தான். அதனால் ஜார்ஜ் கோட்டைக் காலத்துக் கடிதம் ஒன்றில் ‘1645 பிப்ரவரி’ என்று இருந்தால், நமக்கு அது 1646. நாள் மட்டும் மாறினால் பரவாயில்லை, வருஷமே மாறிவிடும்.

இது தெரியாமல் எழுதுவதால்தான் ஏப்ரல் 23 வந்தால் ஷேக்ஸ்பியரும் ஸ்பெயின் எழுத்தாளர் செர்வாண்டிஸும் ஒரே நாளில் இறந்தார்கள் என்று வருஷா வருஷம் அச்சாகிறது. செர்வாண்டிஸ் இறந்தது 1616 ஏப்ரல் 22. 23 என்பது அடக்கம் செய்த நாள். ஷேக்ஸ்பியர் இறந்த ஏப்ரல் 23 ஜூலியன் கணக்கு. ஸ்பெயின் காலண்டரில் அது மே 3. இடையில் 11 நாள். ‘கலிலியோ இறந்த வருஷத்தில் நியூட்டன் பிறந்தார்’ என்ற வரியும் இதே ரகம்தான். கலிலியோ இறந்தது புதிய கணக்கில் 1642 ஜனவரி 8. நியூட்டன் 1642 கிறிஸ்துமஸ் அன்று பிறந்தார் என்பது பழைய கணக்கு. புதிய கணக்கில் அது 1643 ஜனவரி 4. கேட்க நன்றாக இருக்கிறது என்பதற்காக ஒரு காலில் ஒரு செருப்பும் இன்னொரு காலில் வேறு செருப்பும் போட்டு நடக்க முடியாது.

இதைச் சொல்லிக்கொடுத்தவுடன் அடுத்த தவறு ஆரம்பிக்கும். ரஷ்யாவிலும் புரட்சிக் காலம் வரை பழைய ஜூலியன் காலண்டர்தான். அதனால் ரஷ்யா என்று பார்த்தாலே கண்ணை மூடிக்கொண்டு 13 நாள் கூட்டுவார்கள். நவம்பர் 7-இலேயே இதற்கு நல்ல பாடம் இருக்கிறது. புரட்சி நடந்தது பழைய கணக்கில் 1917 அக்டோபர் 25. 13 நாள் கூட்டினால் நவம்பர் 7. அந்தப் புரட்சியின் தலைவர்களில் ஒருவரான டிராட்ஸ்கி பிறந்தது பழைய கணக்கில் 1879 அக்டோபர் 26. 12 நாள் கூட்டினால் அதுவும் நவம்பர் 7. ஒரே தாளில் ஒருவருக்கு 12, இன்னொன்றுக்கு 13. ஏனென்றால் 1900 ஜூலியன் காலண்டரில் லீப் வருஷம், நம் காலண்டரில் கிடையாது. அங்கே ஒரு நாள் கூடிவிட்டது. 18-ஆம் நூற்றாண்டுக்கு 11, 17-ஆம் நூற்றாண்டுக்கு 10. இதைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். நான் ஒட்டியிருக்கிறேன்.

கடிகாரத்தை மறப்பது

ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைத்தது 1969 ஜூலை 20 என்று எழுதுகிறோம். அமெரிக்காவில் அது ஞாயிறு இரவு. நமக்கு அப்போது ஜூலை 21, திங்கட்கிழமை காலை 8.26. ‘அமெரிக்க நேரப்படி’ என்று ஒரு வார்த்தை சேருங்கள். 2004 சுனாமியில் இது தலைகீழ். நிலநடுக்கம் நம் நேரப்படி டிசம்பர் 26 காலை ஆறரை மணியை ஒட்டி. அமெரிக்காவில் அப்போது இன்னும் கிறிஸ்துமஸ் இரவுதான். மெரினாவில் அந்தக் காலையைப் பார்த்தவர்களுக்குத் தேதி சொல்லித்தர வேண்டியதில்லை. வெளிநாட்டுச் செய்தியைப் பார்த்து 25 என்று எழுதி வந்த ஒரு பட்டியலை நான் கையில் வாங்கியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

ஞானஸ்நானத் தேதியைப் பிறந்த தேதி ஆக்குவது

ஷேக்ஸ்பியருக்கு 1564 ஏப்ரல் 26, பீத்தோவனுக்கு 1770 டிசம்பர் 17. இரண்டும் தேவாலயப் பதிவுகள், பிறப்புப் பதிவுகள் கிடையாது.

தீர்மானம், சட்டம், அமல்: மூன்றும் ஒன்று என்று நினைப்பது

தமிழ்நாட்டின் பிறந்தநாள் எது என்று கேளுங்கள், மூன்று பதில் வரும். மொழிவழி மாநிலமாகப் பிரிந்தது 1956 நவம்பர் 1. ‘தமிழ்நாடு’ என்று பெயர் சூட்ட அண்ணா முதல்வராக இருந்தபோது சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது 1967 ஜூலை 18. அந்தப் பெயர் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14. இந்தப் பெயருக்காகப் பட்டினி கிடந்து சங்கரலிங்கனார் உயிர்விட்டது 1956 அக்டோபர் 13. நாலும் நாலு தாளில் வர வேண்டியவை. ஒவ்வொன்றிலும் என்ன நடந்தது என்ற வினைச்சொல்லைச் சரியாகப் போட்டால் குழப்பமே வராது: பிரிந்தது, நிறைவேறியது, நடைமுறைக்கு வந்தது, உயிர்விட்டார். ‘உருவானது’ என்று எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைப் போடுகிற பழக்கம்தான் கெடுக்கிறது.

நட்சத்திரப் பிறந்தநாளை ஆங்கிலத் தேதியில் ஆணி அடிப்பது

ரமண மகரிஷி பிறந்தது 1879 டிசம்பர் 30. ஜெயந்தி மார்கழிப் புனர்பூசத்தில். வருஷா வருஷம் நகரும். இரண்டையும் கலக்காதீர்கள்.

சான்றிதழ்ப் பிறந்தநாள்

பழைய தலைமுறையில் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதிதான் பலருக்குப் பிறந்தநாள். குடும்பத்தினர் வேறு தேதி சொன்னால் சண்டை போடாதீர்கள், குறித்துக்கொள்ளுங்கள்.

யானை

பாரதி யானை மிதித்து இறந்தார் என்று எழுதாதீர்கள். பார்த்தசாரதி கோயில் யானை தள்ளியது சில மாதம் முன்பு. அதிலிருந்து தேறி வேலைக்குப் போனார், ஈரோடு கருங்கல்பாளையம் வரை சென்று பேசினார். கடைசியில் கொண்டுபோனது வயிற்று நோய்.

பிப்ரவரி 29-ஐ விட்டுவிடுவது

லீப் வருஷம் இல்லையென்றால் அந்தத் தாளே கிடையாது, அதனால் நோட்டிலும் யாரும் எழுதுவதில்லை. ஆனால் கலாக்ஷேத்ராவைத் தந்த ருக்மிணி தேவி பிறந்தது 1904 பிப்ரவரி 29, மொரார்ஜி தேசாய் பிறந்தது 1896 பிப்ரவரி 29. பிரதமராக இருந்த மொரார்ஜி 1977-இல் குடியரசுத் தலைவர் பதவிக்கு ருக்மிணி தேவியைக் கேட்டார், அவர் வேண்டாம் என்றுவிட்டார். இப்படி ஒரு பொருத்தம் வேறெந்தத் தாளில் கிடைக்கும்? சாதா வருஷங்களில் நான் இதை 28-ஆம் தேதித் தாளின் கீழே ‘29 இருந்திருந்தால்’ என்று போட்டுவிடுவேன்.

எல்லாவற்றையும் போடுவது

தாளின் பின்பக்கம் உள்ளங்கை அகலம். ஐந்து வரி பிடிக்கும். பிள்ளைகள் கொண்டுவந்த 47 வரிகளோடு சாயங்காலம் வரை உட்கார்ந்தோம். புரட்சி ‘பழைய காலண்டரில் அக்டோபர் 25’ என்ற குறிப்போடு நின்றது. 1862-இல் ரங்கூனில் சிறைக்காவலில் இறந்த பகதூர் ஷா ஜாபர் நின்றார். கமல்ஹாசன் நின்றார், அதில் யாருக்கும் மறுப்பு இல்லை. விட்டுப்போன ராமனை உள்ளே கொண்டுவந்து மேரி கியூரிக்குப் பக்கத்தில் வைத்தோம்: வார்சாவில் 1867, திருச்சியில் 1888, ஒரே நவம்பர் 7, இருவருக்கும் இயற்பியல் நோபல். அந்தப் பெண் இரண்டு வரியையும் மறுபடி எழுதிப் பார்த்துவிட்டு, “கியூரி தேதி எந்தக் காலண்டர் அக்கா? வார்சா அப்போ ரஷ்யா கையில்தானே இருந்தது?” என்று கேட்டாள். புதிய காலண்டர்தான், கூட்ட வேண்டியதில்லை. ஆனால் அவள் கேட்டாள். மிச்சமிருக்கிற 365 தேதியையும் ஆடிப்பெருக்குக்குள் முடிக்க வேண்டும். இருவரையும் ஞாயிறு காலை வரச் சொல்லியிருக்கிறேன்.