ஐந்தாம் மாடியில் வெற்றிடம் செய்வது எப்படி?

மலேசியாவில், எஸ்டேட் தோட்டத்தை விட்டு வந்தவர்கள் குடியிருக்கும் சுங்கை சிப்புட் ஃப்ளாட்டில் நாங்கள் இதைச் செய்து பார்த்தோம். முதலில் கயிற்றில் ஒரு பூட்டைக் கட்டி வராந்தாவிலிருந்து இறக்கி உயரத்தை அளந்துகொள்ளுங்கள், 11 மீட்டராவது வேண்டும். அப்புறம் 13 மீட்டர் ஹோஸ். உள்ளே தெரிய வேண்டும், ஆனால் நூல் பின்னிய தடித்த ரகமாகப் பார்த்து வாங்குங்கள். நான் காசை மிச்சம் பிடித்து மெல்லிசாக வாங்கியதில் அது பாதியிலேயே அப்பளமாகச் சப்பிவிட்டது.

கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் கொஞ்சம் கேசரிப் பவுடர் கலந்து, குமிழியே இல்லாமல் ஹோஸை நிரப்புங்கள். ஒரு முனையை மடித்துக் கம்பியால் இறுக்குங்கள். மறுமுனை கீழே வாளித் தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும். இப்போது மேலிருந்து கயிற்றால் இழுங்கள். (பிள்ளைகளைக் கம்பித் தடுப்பில் ஏறவிடாதீர்கள்.)

கிட்டத்தட்ட 10 மீட்டர் வரை தண்ணீரும் கூடவே வரும். அதற்குமேல் ஹோஸ் மட்டும்தான் ஏறும், தண்ணீர் அங்கேயே நின்றுவிடும், மேலே சின்னச் சின்னக் குமிழியாகக் கொதிப்பதுபோல் தெரியும். தண்ணீருக்கு மேலே ஹோஸில் காலியாகத் தெரியும் இடம்தான் நம் வெற்றிடம்.

பம்பு ஏன் இந்த ஆழத்துக்குமேல் இழுப்பதில்லை என்பதை 1638-இல் கலிலியோவே எழுதிவிட்டுக் காரணத்தில் தவறினார். அவருடைய சீடர் டோரிசெல்லிதான் பிடித்தார்: நாம் உறிஞ்சவில்லை, வாளியில் இருக்கும் தண்ணீரை வெளிக்காற்று அழுத்தித் தள்ளுகிறது. அவர் தண்ணீருக்குப் பதில் பாதரசத்தை வைத்துப் பார்த்தார்; அது தண்ணீரைவிட 13.6 மடங்கு கனம் என்பதால் அவருக்கு 76 செ.மீ. போதுமாயிருந்தது. நீங்கள் பாதரசம் தேடிப் போகாதீர்கள், விஷம்.

கணக்குப்படி 10.3 மீட்டர் நிற்க வேண்டும், ஆனால் நம் ஊர் 30 டிகிரி சூட்டில் நீராவி மேலிருந்து லேசாக அமுக்குவதால் 10-க்குச் சற்றுக் கீழேயே நிற்கும். ஆக முழு வெறுமை இல்லை, ஆவி இருக்கிறது.

சரி, அந்தக் காலி இடத்தில் இருப்பது வெளியிலிருந்து புகுந்த காற்று இல்லை என்று எப்படித் தெரியும்? ஹோஸை மெல்ல இறக்குங்கள். காற்று என்றால் பெரிய குமிழியாக மிஞ்சும். எங்களுக்கு அந்த இடம் சுருங்கிச் சுருங்கி, கடைசியில் மிளகு அளவுக்கு ஒரு குமிழிதான் மிஞ்சியது; தண்ணீரில் கரைந்திருந்த காற்று அது.

1648-இல் பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்கல் தன் மைத்துனரை மலையேற்றிப் பாதரசம் இறங்குவதைப் பார்க்கச் சொன்னார். உயரே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும், அதனால் கேமரன் மலைக்குக் கொண்டுபோனால் நம் தண்ணீரும் ஒரு மீட்டருக்குமேல் இறங்கும். அடுத்த லீவுக்குப் போகிறோம், ஹோஸ் தொங்கவிட இடம் கொடுக்கும் சொந்தக்காரர்தான் இன்னும் கிடைக்கவில்லை.