மெஷின் வாங்கும் முன் இன்ஜினியர் எந்த ஊர் என்று கேளுங்கள்

சேலத்தில் இருபது முப்பது படுக்கையோடு ஆஸ்பத்திரி நடத்துபவர்களுக்கும், மேலே ஏற்காட்டில் கிளினிக் வைத்திருப்பவர்களுக்கும் மெஷின், சாமான் வாங்குவது பற்றிச் சொல்வதுதான் இது. அரசு ஆஸ்பத்திரிக்கு வழி வேறு. 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாநிலம் முழுவதற்கும் டெண்டர் விட்டு மருந்து வாங்கி மாவட்டக் கிடங்குகளில் இறக்கிவிடும், ஆஸ்பத்திரிக்கு ஒரு பாஸ்புக், எடுக்கிற மருந்தின் மதிப்பு அதில் உள்ள ஒதுக்கீட்டிலிருந்து கழிந்துகொண்டே வரும். தனியாருக்கு எல்லாமே நம் தலையில்தான்.

மூன்று டீலரிடமாவது கொட்டேஷன் வாங்குங்கள், ஆனால் அடியில் இருக்கும் மொத்தத் தொகையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ரத்தப் பரிசோதனை அனலைசரையே எடுத்துக்கொள்ளுங்கள்: மெஷினைச் சும்மாவே வைத்துவிட்டுப் போகிறேன் என்பவர்களும் உண்டு, அது குளோஸ்டு சிஸ்டமாக இருந்தால் ரீஏஜென்ட்டை, அதாவது டெஸ்ட்டுக்கு ஊற்றும் ரசாயனத்தை, அந்தக் கம்பெனியிடம் மட்டுமே வாங்க வேண்டும், அப்புறம் அவர்கள் சொல்வதுதான் விலை. மெஷின் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கும் கன்ட்ரோல், கழுவும் வாஷ் சொல்யூஷன் எல்லாம் சேர்த்து ஒரு டெஸ்ட்டுக்கு என்ன விழுகிறது என்று ஐந்து வருஷத்துக்குக் கணக்குப் போடுங்கள்.

அடுத்தது சர்வீஸ். ஏஎம்சி (வருஷாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) என்றால் பெரும்பாலும் வந்து பார்க்கும் கூலி மட்டும்தான், சிஎம்சி (முழுப் பராமரிப்பு ஒப்பந்தம்) என்றால் உதிரி பாகமும் சேரும், அதிலும் பேட்டரி, சென்சார், புரோப் எது அடங்காது என்று எழுதி வாங்க வேண்டும். எங்கள் வென்டிலேட்டர் ஒருமுறை நின்றபோது ஏஎம்சி இருக்கிறதே என்று தைரியமாக இருந்தோம். இன்ஜினியர் நாலாம் நாள்தான் வந்தார், போர்டு போய்விட்டது, அதற்குத் தனிக் காசு என்றார். அந்த நாலு நாளும் மூச்சுத் திணறலோடு வந்தவர்களை வேறு இடத்துக்கு அனுப்பினோம், இப்போது நினைத்தாலும் மனசு கனக்கிறது. அதனால் இன்ஜினியர் சேலத்திலேயே இருக்கிறாரா, சென்னையிலிருந்து வர வேண்டுமா, இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டுக்கும் வருவாரா, எத்தனை மணி நேரத்தில், சரிசெய்யும் வரை மாற்று மெஷின் தருவாரா, இவ்வளவையும் பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதுங்கள். வாயால் சொன்னது நிற்காது.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் மெஷினுக்கு முதலில் பிசிபிஎன்டிடி, அதாவது கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் சட்டத்தின் கீழ் பதிவு, பிறகுதான் ஆர்டர். பதிவில்லாத இடத்துக்கு விற்பதே குற்றம். எக்ஸ்ரேவுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரிய உரிமம் வேண்டும்.

மலைமேல் இருப்பவர்கள் ஆக்சிஜன் சிலிண்டர், குளுக்கோஸ் பாட்டில், கையுறையை மழைக்காலத்துக்கு முன்பே கூடுதலாக இறக்கிவையுங்கள், பாதையில் மண் சரிந்தால் வண்டி ஏறாது.

சாமான் வந்ததும் இன்ஸ்டலேஷன் ரிப்போர்ட்டில் உடனே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். சீரியல் நம்பரைச் சரிபாருங்கள், நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்லுங்கள், கடைசித் தவணையை அதன்பிறகு கொடுங்கள்.