நீமோ சொன்ன அளவில் நாட்டிலஸ்: மாதிரி செய்து விளக்கேற்றும் முறை

நாட்டிலஸ் என்ற கற்பனை நீர்மூழ்கிக் கப்பலின் பெயரைக் கேட்டதும், முதுகில் ரம்பப் பற்கள் கொண்ட, பின்னாளில் திரைப்படத்துக்காக வரையப்பட்ட வடிவமே பலருக்கும் நினைவுக்கு வருகிறது. பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் வெர்ன் 1869-70இல் தொடராக எழுதிய ‘கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்’ என்ற மூல நாவலில் அந்த வடிவம் இல்லை. அங்கே கேப்டன் நீமோ கப்பலின் வரைபடங்களை விரித்து வைத்துக்கொண்டு, அளவுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறார்: இரு முனைகளும் கூம்பாக முடியும் நீண்ட உருளை, சுருட்டைப் போன்ற தோற்றம், நீளம் 70 மீட்டர், மிக அகன்ற இடத்தில் 8 மீட்டர், புறப்பரப்பு 1011.45 சதுர மீட்டர். கற்பனைக் கப்பலுக்கு அதன் ஆசிரியரே இவ்வளவு துல்லியமான கணக்கு கொடுத்திருக்கும்போது, அதை விட்டுவிட்டு வேறு வடிவத்தைத் தேடிப் போக எனக்கு மனம் வரவில்லை.

உருளைப் பகுதி எவ்வளவு, கூம்புப் பகுதி எவ்வளவு என்று நீமோ பிரித்துச் சொல்வதில்லை. ஆனால் பரப்பளவு அதைச் சொல்லிவிடுகிறது. நடுவில் 10 மீட்டர் உருளை, இருபுறமும் 30 மீட்டர் நீளமுள்ள கூம்புகள் என்று கொண்டு, பை மதிப்பை 3.14 என வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். விடை 1011.47 என்று, ஏறக்குறைய அதே எண்ணாக வரும். அதே வடிவத்தின் கொள்ளளவு 1507.2 கன மீட்டர். நாவலில் 1500.2 என்று இருந்தாலும், கப்பல் மிதக்கும்போது நீருக்குள் இருக்கும் பத்தில் ஒன்பது பங்கு 1356.48 கன மீட்டர் என்று நீமோ சொல்வது 1507.2 என்ற எண்ணுக்குத்தான் பொருந்துகிறது. ஆகவே வடிவத்தில் ஊகத்துக்கே இடமில்லை.

அளவு விகிதம் 1:100 ஆக இருக்கட்டும். நாவலின் ஒரு மீட்டர் உங்கள் அளவுகோலில் ஒரு சென்டிமீட்டர் ஆகிவிடுவதால் வேலை முழுவதும் கணக்குப் பிசகாது. கடையில் கிடைக்கும் 75 மி.மீ. பி.வி.சி. குழாயை நடுப்பகுதிக்குப் பயன்படுத்தும் ஆசை வரும். அதற்கு இடம் கொடுத்தால் விகிதம் ஏறக்குறைய 1:107 ஆகி, பின்னால் வரும் ஒவ்வோர் அளவையும் வகுத்துக்கொண்டே இருக்க நேரும்.

எலும்புக்கூட்டுக்கு 3 மி.மீ. சன்போர்டில் (இலேசான பி.வி.சி. நுரைப் பலகை) வட்டத் தட்டுகள் வெட்டிக்கொள்ள வேண்டும். உருளையின் இரு முனைகளுக்கும் 78 மி.மீ. விட்டம், அங்கிருந்து கூம்பில் 5 செ.மீ.க்கு ஒரு தட்டாக 65, 51, 38, 25, 11 மி.மீ. என்று குறைந்துகொண்டே போகும். மேலே ஒட்டப்போகும் இரண்டு அடுக்குத் தோலின் தடிப்பை இந்த அளவுகளில் ஏற்கெனவே கழித்துவிட்டேன். தட்டுகளின் மையத்தில் துளையிட்டு ஒரே கம்பியில் கோத்தால் அச்சு கோணாது. கம்பியை ஒட்டிவிடாதீர்கள், பின்னர் உருவி எடுக்க வேண்டியிருக்கும்.

தோலுக்கு 0.5 மி.மீ. ஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக் தாள் ஏற்றது. நீமோவின் புற ஓடு 5 செ.மீ. தடிப்பு என்பதால் அது விகிதத்துக்கும் சரியாக இருக்கிறது. கூம்பை விரித்தால் 302.7 மி.மீ. ஆரமும் 47.6 டிகிரி கோணமும் உள்ள விசிறித்துண்டு கிடைக்கும். இதுதான் மேலடுக்கு. கீழடுக்கை அதே கோணத்தில், ஆரத்தை மட்டும் 4 மி.மீ. குறைத்து வெட்ட வேண்டும். இரண்டு அடுக்குகளின் இணைப்புக் கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று விழாதபடி, கீழடுக்கின் கோட்டை அடிப்பக்கமும் மேலடுக்கின் கோட்டைச் சற்றுத் தள்ளியும் வையுங்கள். கூர்முனையின் கடைசி 5 செ.மீ. வரை தாளைச் சுருட்ட முயன்றால் அது மடிந்து உடையும். அந்தப் பகுதியை மட்டும் வெட்டி நீக்கிவிட்டு, எபாக்ஸி பட்டியால் (இரு பகுதிகளைக் கலந்தால் இறுகும் பசைக்களி) நிரப்பி, இறுகிய பிறகு தேய்த்துக் கூராக்குவதே நல்லது. தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம்.

இனி உள்ளே வருவோம். நாட்டிலஸின் உயிர் அதன் பெரிய கூடத்தில் இருக்கிறது. நீளம் 10 மீட்டர், அகலம் 6, உயரம் 5, மூலைகள் சரிவாக வெட்டப்பட்டவை. சுவர்களில் ஓவியங்கள், ஒரு பக்கம் பெரிய ஆர்கன், நடுவில் ராட்சதச் சிப்பி ஒன்றின் ஓட்டில் விழும் மின்னொளி பெற்ற நீரூற்று. ஆனால் ஓர் இடர்ப்பாடு உண்டு. அறைகளின் வரிசைப்படி இந்தக் கூடம் கப்பலின் மையத்திலிருந்து முன்புறமாக 10ஆம் மீட்டரில் தொடங்கி 20ஆம் மீட்டரில் முடிகிறது. அங்கே கப்பலின் வெளிவிட்டமே 6.7 மீட்டரிலிருந்து 4 மீட்டராகக் குறைந்துவிடுகிறது. ஆறு மீட்டர் அகலக் கூடத்துக்கு அதில் இடம் ஏது? வெளிவடிவத்தைக் காப்பதா, கூடத்தைக் காப்பதா என்று ஒவ்வொருவரும் முடிவு செய்தாக வேண்டும். கூடத்தைச் சுருக்குவதைவிட, அதை முன்புறத்திலிருந்து நடு உருளைப் பகுதிக்கு நகர்த்திவிடுவதே சிறந்தது என்பது என் கருத்து. அந்த உருளையின் நீளமும் 10 மீட்டர்தான். 60 × 50 மி.மீ. பெட்டியின் மூலைவிட்டம் 78 மி.மீ.; நம் உள்விட்டமும் அதுவே. சரிவாக வெட்டிய மூலைகள் இங்கே அலங்காரம் அல்ல, அவை இல்லாமல் பெட்டியை உள்ளே செலுத்துவதே கடினம்.

கூடத்தைத் தனிப் பெட்டியாகச் செய்து, ஓவியம், தரை, தளவாடங்கள் அனைத்தும் முடிந்தபின் முன்பக்கத்திலிருந்து உள்ளே தள்ள வேண்டும். இதற்காக உருளையின் முன்முனைத் தட்டை வளையமாகக் குடைந்து, அகன்ற வாயாக விட்டுவிடுங்கள்; முன்கூம்பைக் காந்தத்தில் பொருத்தினால், விளக்கு பழுதானாலும் கப்பலை உடைக்க வேண்டியதில்லை. இருபக்கமும் நீள்வட்டச் சன்னல்கள் வேண்டும். அவற்றின் அளவு நாவலில் இல்லை. 40 × 20 மி.மீ. கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது. கூடத்தின் சுவருக்கும் வெளித்தோலுக்கும் இடையில் 9 மி.மீ. இடைவெளி இருப்பதால், சன்னலைச் சுற்றி ஒரு சிறு சுரங்கம்போல் தாள் பட்டையால் அடைத்துவிட வேண்டும். சன்னல் கண்ணாடியாக வைக்கும் அக்ரிலிக்கை சூப்பர் குளூ கொண்டு ஒட்டாதீர்கள்; அதன் ஆவி பட்டுக் கண்ணாடி வெண்மூட்டமாகிவிடும். மரவேலைக்கான வெள்ளைப் பசை போதும்.

விளக்கேற்றுவதில் முதல் வேலை வெளிச்சத்தைத் தடுப்பது. என் முதல் மாதிரியில் இதை நான் பொருட்படுத்தவில்லை. சுவிட்சைப் போட்டபோது வெள்ளை ஸ்டைரீன் உடல் முழுவதும் காகித விளக்குப்போல் ஒளிர்ந்தது, இரும்புக் கப்பல் என்ற உணர்வே அற்றுப்போயிற்று. தோலின் உட்பக்கம் முதலில் கறுப்பு வண்ணம் இருமுறை, அதன்மேல் வெள்ளை ஒருமுறை பூச வேண்டும். கறுப்பு ஒளியை வெளியே விடாது, வெள்ளை அதைத் திருப்பி அனுப்பும். வரிசையை மாற்றினால் பயனில்லை.

நாவலில் கூடத்தின் விதானமே ஒளி தருகிறது. மெல்லிய கொடிவேலைப்பாடு கொண்ட அந்த விதானத்திலிருந்து தெளிந்த, மென்மையான ஒளி பரவுகிறது. ஆகவே எங்கும் பல்பின் புள்ளி தெரியக்கூடாது. பால்வண்ண அக்ரிலிக் தகட்டை விதானமாக வைத்து, கொடிவேலைப்பாட்டை டிரேசிங் தாளில் அச்சிட்டு அதன்மேல் இடுங்கள். விதானத்துக்கு மேல் 14 மி.மீ. இடம் கிடைக்கிறது. எல்.இ.டி.களைக் கீழ்நோக்கிப் பொருத்தினால் அந்தக் குறுகிய இடைவெளியில் ஒவ்வொன்றும் பளிச்சென்ற வட்டமாகத் தெரியும். விதானத்தின் ஓரங்களில் வைத்து மேல்நோக்கித் திருப்பிவிட்டால், வெள்ளை பூசிய வளைவில் பட்டுத் திரும்பும் ஒளி ஒரே சீராக இறங்கும். வெதுவெதுப்பான மஞ்சள் சாயல் கொண்ட வெள்ளை எல்.இ.டி. ஆறு போதும். செல்போன் சார்ஜரின் 5 வோல்ட் மின்சாரத்தில், ஒவ்வொரு எல்.இ.டி.க்கும் தனித்தனியாக 470 ஓம் ரெசிஸ்டர் போட்டால் ஏறத்தாழ 4 மில்லி ஆம்பியர் பாயும். குறைவு என்று தோன்றும், ஆனால் இவ்வளவு சிறிய அறைக்கு அதுவே பொருத்தம். நீரூற்றுக்கு 0.75 மி.மீ. ஒளியிழை இரண்டு மூன்றைத் தரைக்கு அடியிலிருந்து சிப்பிக்குள் கொண்டுவந்து விடுங்கள்.

மேல்தளத்தில் முன்னே சுக்கான் பிடிப்பவரின் கூண்டும் பின்னே விளக்குக் கூண்டும் இருக்கின்றன. அந்த விளக்கு வெற்றிடத்தில் எரியும் கரிமுனை வில்விளக்கு; இரு கரிமுனைகளுக்கு இடையே பாயும் மின்சாரமே அதில் ஒளி தருகிறது. ஆகவே இங்கே நீலச்சாயல் கொண்ட வெண்ணிற எல்.இ.டி. வேண்டும். ரெசிஸ்டர் 100 ஓம். இன்னொரு செய்தியையும் மாதிரியில் கொண்டுவரலாம். கூடத்தின் சன்னல் மூடிகள் விலகும்போது விதான ஒளி அணைந்து, வெளியே விளக்கால் ஒளிபெற்ற கடல் தெரிவதாக வெர்ன் எழுதுகிறார். மாடிப்படியில் பயன்படும் டூ வே சுவிட்சின் சிறு வடிவம் ஒன்றைப் போட்டு, ஒரு பக்கம் விதானம், மறுபக்கம் மேல்விளக்கு என்று இணைத்தால் அந்தக் காட்சி உங்கள் மேசையில் நிகழும்.

வெளித்தோலின் தகடுகள் ஊர்வனவற்றின் செதில்கள்போல் லேசாக ஒன்றன்மேல் ஒன்று படிந்தவை என்று ஓரிடத்தில் வருகிறது. அதற்கு முன்பே அதே முதுகு வழவழப்பாகவும் கறுத்தும் இருந்ததாக வருகிறது. அலுமினிய ஃபாயில் டேப் இரண்டுக்கும் ஈடுகொடுக்கும். 20 × 10 மி.மீ. துண்டுகள் சுமார் 600 தேவைப்படும். பின்முனையில் தொடங்கி முன்னே வாருங்கள், அப்போதுதான் முன்தகட்டின் விளிம்பு பின்தகட்டின்மேல் படியும். டேப் ஒளியையும் தடுக்கும், ஆனால் மின்சாரத்தைக் கடத்தும்; ஆகவே சால்டர் செய்த ஒவ்வோர் இணைப்பையும் சூடுபட்டால் சுருங்கும் உறைக்குழாயால் மூடிவிடுங்கள். பிரைமருக்கு மேல் கருஞ்சாம்பல், அதன்மேல் பாதிப் பளபளப்பு வார்னிஷ். துருக்கறை தீட்டும் வழக்கத்தை இந்தக் கப்பலில் தவிர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இது நீமோ கண்ணும் கருத்துமாகப் பேணிய கப்பல்.

கப்பலை உந்தும் சுழலியின் (புரொப்பெல்லர்) விட்டம் 6 மீட்டர், ஒரு சுற்றுக்கு முன்னேறும் தூரம் 7.5 மீட்டர். இதன்படி பித்தளைத் தகட்டில் வெட்டும் ஒவ்வோர் இதழும் நுனியில் சுமார் 22 டிகிரியும் பாதி ஆரத்தில் 38 டிகிரியும் திரும்பியிருக்க வேண்டும். கப்பலின் அடியில் நீளவாக்கில் ஓடும் அடிக்கட்டை 5 மி.மீ. உயரமும் 2.5 மி.மீ. அகலமும் உள்ள பட்டை. அதன் வழியே இரண்டு பித்தளைக் குழாய்களைக் கீழே இறக்கினால் அவையே தாங்கு கால்கள். மின்கம்பிகளை அவற்றுக்குள் செலுத்தி, சுவிட்சையும் சார்ஜர் இணைப்பையும் மரப்பீடத்துக்குள் வைத்துவிடலாம்.