ஸ்பீக்கரை மாற்றுவதற்கு முன் பாட்டு வரும் தரத்தைப் பாருங்கள்

கடலோர ஊரான மண்டபத்தில், எங்கள் வீட்டு ஸ்பீக்கரில் கச்சேரி கேட்டால் ஜால்ரா 'சிணுங்' என்று தெறிக்காமல், தண்ணீருக்குள் தட்டியது போல 'ஷ்ஷ்' என்று இழுபட்டது. உப்புக்காற்றில் ஸ்பீக்கர் போய்விட்டது என்று மாமா அடித்துச் சொன்னார், கடலோரத்தில் அது நடக்கிறதுதான், ஆனால் அதே ஸ்பீக்கரில் பழைய சிடியைப் போட்டதும் ஜால்ரா பளிச்சென்று கேட்டது. அப்போ கோளாறு மூலத்தில்.

ஃபோனில் பாட்டு கேட்கும் செயலியில் தரம் 'ஆட்டோ' என்று இருந்தது. சாயங்காலமானால் இங்கே சிக்னல் இறங்கிவிடும், அப்போது செயலி பாட்டை நிறுத்தாது, தரத்தைக் குறைத்து ஓட்டும். சிடியில் நொடிக்கு 1,411 கிலோபிட் அளவு ஒலித் தகவல் இருக்கும். அதை 96 கிலோபிட்டுக்குச் சுருக்கினால் முதலில் அடிபடுவது ஜால்ரா, கஞ்சிராச் சலங்கை மாதிரியான கூர்மையான ஒலிகள்தான்.

தரத்தை 'மிக உயர்வு' என்று வைத்தேன். டவுன்லோடுக்குத் தனி அமைப்பு இருக்கும், அதையும் மாற்ற வேண்டும், பலர் விட்டுவிடுவது இதைத்தான். ஏற்கனவே இறக்கியதை அழித்துவிட்டு, விடியற்காலையில் சிக்னல் நன்றாக இருக்கும்போது திரும்ப இறக்கினேன். ப்ளூடூத்தும் தன் பங்குக்கு இன்னொரு தடவை சுருக்கும் என்பதால் ஃபோனை ஸ்பீக்கரோடு நேராக இணைக்கும் ஆக்ஸ் ஒயர் போட்டேன். இப்போது மாமாவே சத்தத்தைக் கூட்டி வைக்கிறார்.

128 கிலோபிட்டுக்குச் சுருக்கிய எம்பி3யை, ஒலி இழக்காமல் சேமிக்கும் ஃபிளாக் (FLAC) வடிவத்துக்கு மாற்றினால் சரியாகிவிடும் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள்: ஃபைல்தான் பெருக்கும், போன ஒலி திரும்பாது. தேய்ந்த கேசட்டிலிருந்து ஏற்றிய பழைய கச்சேரிகளுக்கும் எந்த அமைப்பும் உதவாது, வேறு நல்ல பதிவு கிடைக்கிறதா என்றுதான் தேட வேண்டும்.