பேட்டரி அல்ல, ஆல்டர்னேட்டர்

அண்ணா சாலை நெரிசலில் ஏசியும் முகப்பு விளக்கும் ஒருசேர இயங்கும்போதெல்லாம், என் பழைய காரின் டாஷ்போர்டில் பேட்டரி விளக்கு மங்கலாக மினுங்கியது. மல்ட்டிமீட்டரில் பார்த்தபோது, எஞ்சின் ஓடுகையில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை உயர வேண்டிய அளவு 12.1-ஐத் தாண்டவில்லை. எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கி பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் பெல்ட் இறுக்கமாகவே இருந்தது. பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றிவிட்டு (இல்லையெனில் ஆல்டர்னேட்டரின் பின்புறத் தடித்த வயரில் ஸ்பேனர் பட்டுத் தீப்பொறி பறக்கும்) ஆல்டர்னேட்டரைப் பிரித்தேன். உள்ளே சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ்கள் அடியோடு தேய்ந்து, அவை உரசும் ஸ்லிப் ரிங்கிலும் பள்ளம் விழுந்திருந்தது. பழைய வாகன உதிரிபாகக் கடைகள் நிறைந்த புதுப்பேட்டையில் பழையது மலிவாகக் கிடைக்கும் என்றாலும், அது எவ்வளவு ஓடியது என்பது யாருக்கும் தெரியாது என்பதால், பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியின் வரிகளையும் பிளக்கின் அமைப்பையும் கடையிலேயே ஒப்பிட்டுப் புதியதையே வாங்கிப் பொருத்தினேன். இப்போது எல்லா விளக்குகளும் எரியும்போதும் மீட்டர் 14.1 காட்டுகிறது.