காஸில் ஓடும் லொறிக்குப் புதிய புகைக்குழாய் பொருத்துதல்

கிழக்கிலங்கையில் கல்லடியிலிருந்து அக்கரைப்பற்று வரை கடலோரமாக ஓடும் லொறியின் புகைக்குழாயை வெளியே உப்புக்காற்று அரிக்கிறது. காஸில் ஓடும் லொறியாயின், உள்ளிருந்தும் நீர் அரிக்கிறது. ஒரு கிலோகிராம் இயற்கை வாயு எரியும்போது ஏறத்தாழ 2.25 கிலோகிராம் நீர் உண்டாகிறது, எல்.பீ. காஸில் அது 1.6 கிலோகிராம் அளவும், டீசலில் அதிலும் குறைவும் ஆகும். சந்தைக்கும் வீட்டுக்குமாகக் குறுந்தூரம் ஓடி நிற்கும் லொறியில் சைலன்சர் நன்றாகச் சூடேறுவதில்லை என்பதால், அந்த நீராவி உள்ளேயே குளிர்ந்து தேங்குகிறது.

ஆகவே, எந்த உலோகம் என்பதையே முதலில் தீர்மானிக்க வேண்டும். சாதாரண இரும்புக் குழாய் மலிவானது என்றாலும், இக்கரையில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 409 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் குரோமியம் 11 வீதமளவே இருப்பதால் மேற்பரப்பில் கறள் பிடிக்கும். 18 வீதம் குரோமியமும் 8 வீதம் நிக்கலும் கொண்ட 304 வகை, விலை கூடினாலும், உப்புக்காற்றுக்கு நன்கு ஈடுகொடுக்கும். 304 குழாய்களை ஒன்றோடொன்று ஒட்ட 308எல் கம்பியையும், பழைய இரும்புத் துண்டோடு ஒட்ட 309எல் கம்பியையும் பயன்படுத்தும்படி வெல்டிங் செய்பவரிடம் சொல்லுங்கள். சைலன்சரின் மிகத் தாழ்ந்த இடத்தில் 3 மில்லிமீற்றர் துளையொன்று இருந்தால் நீர் வடிந்துவிடும்.

குழாயின் விட்டத்தைக் கூட்ட வேண்டாம். அகலமான குழாயில் புகை மெதுவாகச் சென்று விரைவில் குளிர்வதால், நீர் இன்னும் அதிகமாகத் தேங்கும். புகையிலுள்ள நச்சு வாயுக்களைச் சுத்தப்படுத்தும் வினையூக்கிப் பெட்டி இருந்தால் அதை அகற்றவோ பின்னால் தள்ளவோ கூடாது. இயற்கை வாயுவின் முக்கிய கூறான மெதேனை எரித்து முடிக்க அதற்கு மிகுந்த வெப்பம் வேண்டியிருப்பதால், எஞ்சினுக்கு அருகிலேயே அது இருக்க வேண்டும்.

வேலையைத் தொடங்குமுன் காஸ் சிலிண்டரின் வால்வை மூடி, காஸ் குழாயில் மிஞ்சிய காஸ் தீரும்வரை எஞ்சினை ஓடவிட்டு, பின்னர் பற்றரியின் எதிர் (−) முனையைக் கழற்றுங்கள். இயற்கை வாயு காற்றைவிட இலேசானது என்பதால் கசிந்தால் கூரைக்கடியில் சேரும், எல்.பீ. காஸோ பாரமானது, கராஜின் குழிக்குள் இறங்கிக் கிடக்கும். குழியுள்ள இடத்தில் எல்.பீ. காஸ் லொறிக்கு வெல்டிங் செய்வதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். அளவெடுத்துக் குழாயைக் கழற்றி, வெளியே வைத்து ஒட்டுவதே பாதுகாப்பானது. பொருத்தும்போது குழாய் சிலிண்டருக்கோ காஸ் குழாய்க்கோ பிரேக் ஹோஸுக்கோ அருகில் செல்லுமிடங்களில் வெப்பத் தடுப்புத் தகடு வையுங்கள்.

இறுதியில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே இயக்கி, புகை வெளிவரும் வாயைத் துணியால் கணநேரம் மறைத்தபடி, மூட்டுகளில் சவர்க்கார நுரையைத் தடவிப் பாருங்கள். புகையிலுள்ள ஒட்சிசனை அளக்கும் ஒட்சிசன் உணரிக்கு முன்னால் சிறு கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுபட்டு, எரிபொருள் போதவில்லையென்று எஞ்சினின் கணினி பிழையாகக் கணித்து, காஸை வீணாகக் கூட்டிவிடும். சில நாட்கள் ஓடிய பின், குழாய் ஆறியிருக்கையில், நட்டுகளை மீண்டும் ஒருமுறை இறுக்கிவிடுங்கள்.